எதையும் தொடாதீர்கள்: ஒரு போர்விமானத்தின் முதல் பறப்பும் அதன் மாதிரியின் முதல் பறப்பும்



எந்த வகுப்பை எடுத்துக்கொண்டாலும் ஒரு விமானப் பைத்தியம் இருக்கும். பயிற்சி நூலின் கடைசிப் பக்கம் முழுக்க விமானமாக வரைந்து வைத்திருக்கும். அந்த மாணவரிடம் ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்க. பெரும்பாலும் இந்தக் கதை வரும்: 1936-இல் அந்த விமானம் முதல் தடவையாகப் பறந்து தரையிறங்கியது. விமானி கீழே இறங்கி வந்து, "எதையும் தொடாதீர்கள்" என்றார். அதாவது, விமானம் அவ்வளவு கச்சிதம். திருத்துவதற்கு ஒன்றுமே இல்லை.

கேட்க நல்லாத்தான் இருக்கு. புத்தகங்களிலும் திரைகளிலும் பல காலமாகச் சொல்லப்படுகிற கதைதான். விமானி அப்படிச் சொன்னதும் உண்மை. ஆனால் அந்தச் சொல்லுக்கு நாம் கொடுக்கும் பொருள்தான் தவறு. இந்தக் கட்டுரை அந்தப் பொருளைத் தேடிப் போகிறது. அதற்கு நமக்கு வழிகாட்டப் போகிறவர்கள் ரேடியோவால் இயங்கும் மாதிரி விமானங்களைக் கட்டிப் பறக்கவிடும் பொழுதுபோக்குக்காரர்கள். மாதங்கணக்கில் கட்டிய ஸ்பிட்ஃபயர் மாதிரியை முதன்முதலாகப் பறக்கவிடும் நாளில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்தால், 1936-இல் நடந்தது தானாகவே விளங்கிவிடும்.

தோற்ற விமானத்திலிருந்து தொடங்குவோம்

ஸ்பிட்ஃபயரை வடிவமைத்தவர் ரெஜினால்ட் மிட்செல். இங்கிலாந்தின் சூப்பர்மரின் நிறுவனத்தில் தலைமை வடிவமைப்பாளர். பந்தயக் கடல்விமானங்களில் பேர் வாங்கியவர். 1931-இல் அவர் வடிவமைத்த எஸ்.6பி விமானம் மணிக்கு 650 கிலோமீட்டரைத் தாண்டி உலக வேகச் சாதனை படைத்தது.

அப்படிப்பட்டவர் அடுத்து ஒரு போர்விமானம் செய்தார். டைப் 224 என்று பெயர். 1934 பிப்ரவரியில் பறந்தது. வளைந்த தடித்த இறக்கை, மடக்க முடியாத சக்கரக்கால்கள், மணிக்கு சுமார் 367 கிலோமீட்டர் வேகம். விமானப்படை எதிர்பார்த்த அளவுக்கு அது வரவில்லை. போட்டியில் இன்னொரு நிறுவனத்தின் இரட்டை இறக்கை விமானம் தேர்வானது. உலகச் சாதனையாளரின் முதல் போர்விமானம் தோற்றுப்போனது.

மிட்செல் அதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்து பார்த்தார். பிறகு புதிதாகவே தொடங்கினார். மெல்லிய நீள்வட்ட இறக்கை, மடங்கும் சக்கரங்கள், ரோல்ஸ் ராய்ஸின் புதிய மெர்லின் எஞ்சின். இந்த வேலை நடந்த காலத்தில் அவருக்குப் புற்றுநோய். 1933-இலேயே பெரிய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர். ஆக, 1936-இல் ஓடுதளத்துக்கு வந்த ஸ்பிட்ஃபயர் முதல் முயற்சியே அல்ல. ஒரு தோல்வியின் மேல் கட்டிய இரண்டாவது முயற்சி.

1936 மார்ச் 5

இடம், சவுத்தாம்டன் நகருக்குப் பக்கத்தில் ஈஸ்ட்லி விமானத்தளம். விமானத்தின் பதிவெண் கே5054. ஓட்டியவர் விக்கர்ஸ் நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானி ஜோசப் சம்மர்ஸ். எல்லாரும் அவரை மட் சம்மர்ஸ் என்றே அழைத்தார்கள்.

அன்றைக்கு அந்த விமானம் எந்த நிலையில் போனது என்பதைக் கவனியுங்க. மடங்கும் சக்கரங்கள் உண்டு, ஆனால் முதல் பறப்பில் அவற்றை மடக்கவில்லை. கீழேயே பூட்டி வைத்தார்கள். வேகத்துக்கு ஏற்ற ப்ரொப்பெல்லரும் அன்று இல்லை. பத்திரமாக மேலெழும்புவதற்கு ஏற்ற வேறொன்றைப் பொருத்தியிருந்தார்கள். பூச்சு வேலைகூட முடிந்திருக்கவில்லை. சம்மர்ஸ் எழும்பினார், சில நிமிடங்கள் பறந்தார், இறங்கினார். வேகம் காட்டவில்லை, சாகசம் செய்யவில்லை.

இறங்கியதும் சுற்றி நின்றவர்களிடம்தான் அந்தப் புகழ்பெற்ற வார்த்தையைச் சொன்னார்.

அந்தச் சொல்லின் பொருள்

அடுத்த சில வாரங்களில் அதே விமானத்தை ஓட்டியவர் ஜெஃப்ரி குவில். சம்மர்ஸுக்கு உதவியாளராக இருந்த இளம் விமானி. பின்னாளில் ஸ்பிட்ஃபயர் வகைகளைச் சோதித்ததில் அவருக்கு இணையானவர் இல்லை. அவர் தன் நினைவுகளை எழுதும்போது இந்தக் கதையைத் தெளிவாகவே திருத்தினார். சம்மர்ஸ் சொன்னதில் பெருமை எதுவும் இல்லை. "அடுத்த பறப்புக்கு முன்னால் எந்த அமைப்பையும் மாற்றாதீர்கள்" என்று மட்டும்தான் அதற்குப் பொருள். பெரிய குறை ஒன்றும் உடனே தென்படவில்லை, இதே நிலையில் மறுபடியும் பறந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

யோசித்துப் பாருங்க. முதல் பறப்புக்கும் இரண்டாம் பறப்புக்கும் நடுவில் யாராவது நல்லெண்ணத்தோடு ஒரு திருகாணியை இறுக்கினால், ஒரு கம்பியின் இழுவையை மாற்றினால், இரண்டாவது தடவை தெரியும் வித்தியாசம் எதனால் வந்தது என்று யாருக்குத் தெரியும்? சோதனை செய்கிறவருக்கு நிலையான தொடக்கப் புள்ளி வேண்டும். அதைத்தான் சம்மர்ஸ் கேட்டார். அறிவியல் பாடத்தில் "ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்று" என்று நாம் சொல்லிக்கொடுக்கிறோமே, அதேதான்.

அந்த விமானத்துக்கு அப்புறம் நடந்தவற்றைப் பார்த்தால் கச்சிதம் என்ற கதை நிற்காது. வாலில் உள்ள திசைச்சுக்கானின் சமன் அமைப்பைத் திருத்த வேண்டியிருந்தது. வேகமும் ஏமாற்றம் தந்தது. மணிக்கு சுமார் 540 கிலோமீட்டர்தான் வந்தது. அதே காலத்தில் சோதனையில் இருந்த ஹரிக்கேன் விமானம் கட்டுவதற்கு எளிது, வேகத்தில் கொஞ்சம்தான் பின்தங்கியிருந்தது. அப்படியென்றால் இவ்வளவு சிக்கலான ஸ்பிட்ஃபயர் எதற்கு என்ற கேள்வி வரும். ப்ரொப்பெல்லரை மாற்றினார்கள். வேகம் 560 கிலோமீட்டரானது. பிழைத்தது.

ஒரு தொலைபேசிக் கேள்வி, ஒரு பிடி பருப்பு

1936 மே 26. விமானம் விமானப்படையின் சோதனைத்தளமான மார்ட்டில்ஷம் ஹீத்துக்குப் போனது. அங்கே அதை முதலில் ஓட்டிய விமானப்படை அதிகாரி ஹம்ஃப்ரி எட்வர்ட்ஸ் ஜோன்ஸ். பறந்துவிட்டுத் தரையிறங்க வரும்போது சக்கரங்களைக் கீழே இறக்க மறந்துவிட்டார். கடைசி நேரத்தில் நினைவு வந்து இறக்கினார். அந்தக் காலத்து விமானங்கள் பலவற்றில் சக்கரம் எப்போதும் கீழேயே இருக்கும்.

இறங்கியதும் விமான அமைச்சிடம் தொலைபேசியில் பேச வேண்டும். அவர்கள் கேட்டது ஒரே கேள்வி: இதைச் சாதாரணப் படைவிமானி ஓட்ட முடியுமா? முடியும், ஆனால் சக்கரங்களையும் இறக்கை மடிப்புகளையும் பயன்படுத்த முறையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று அவர் பதில் சொன்னார். சில நாள்களில், ஜூன் 3-ஆம் தேதி, 310 விமானங்களுக்கு ஆணை வந்தது.

இந்த நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடிக்கும். எட்வர்ட்ஸ் ஜோன்ஸ் தனக்கு வந்த தடுமாற்றத்தை ஒளிக்கவில்லை. அதைத் தன் பதிலின் உள்ளேயே வைத்தார். சோதனை விமானியின் வேலை வீரம் காட்டுவது என்று மாணவர்கள் நினைப்பார்கள். அவருடைய முதல் வேலை, நடந்ததை நடந்தபடி சொல்வது.

இன்னொரு சோதனை சமையலறையோடு சம்பந்தப்பட்டது. விமானத்தின் உலோகத் தோலைப் பொருத்தும் தறையாணிகளின் தலைகள் மேற்பரப்போடு சமமாக இருந்தால் காற்று வழுக்கிப் போகும். தலை புடைத்திருந்தால் இழுக்கும். ஆனால் சமமாக அடிப்பது நேரமும் செலவும் பிடிக்கிற வேலை. எல்லா இடத்திலும் அது தேவையா? கண்டுபிடிக்க, சமமான ஒவ்வோர் ஆணித்தலையின் மேலும் ஓர் உடைத்த பட்டாணிப் பருப்பை ஒட்டினார்கள். பறந்து பார்த்தால் வேகம் மணிக்கு சுமார் 35 கிலோமீட்டர் குறைந்தது. பிறகு பகுதி பகுதியாகப் பருப்பை உரித்தெடுத்து, ஒவ்வொரு தடவையும் பறந்து, எங்கே புடைத்த ஆணி போட்டாலும் பரவாயில்லை என்று கண்டார்கள். ஒரு பிடி பருப்பு, ஒழுங்கான குறிப்பு, பொறுமை. உலகப் புகழ்பெற்ற விமானம் இப்படித்தான் உருவானது.

மிட்செல் முழு வெற்றியைப் பார்க்கவில்லை. 1937 ஜூன் 11-ஆம் தேதி, 42 வயதில் காலமானார். ஜோசப் ஸ்மித் பொறுப்பேற்று வேலையைத் தொடர்ந்தார். 1938 ஆகஸ்டில்தான் முதல் ஸ்பிட்ஃபயர் டக்ஸ்ஃபர்டில் இருந்த 19-ஆம் படைப்பிரிவுக்குப் போனது. கே5054 என்ற அந்த முதல் விமானம் 1939 செப்டம்பர் 4-ஆம் தேதி, போர் அறிவித்த மறுநாள், ஃபார்ன்பரோவில் தரையிறங்கும்போது விபத்துக்குள்ளானது. ஓட்டிய விமானியும் உயிரிழந்தார். சோதனை என்பது விளையாட்டல்ல என்பதற்கு அந்த விமானத்தின் முடிவே சாட்சி.

விமானி இல்லாமல் பறந்த கதை

இப்போது ரேடியோவுக்கு வருவோம். ஸ்பிட்ஃபயர் பிறந்த அதே பத்தாண்டில்தான் ரேடியோவால் இயங்கும் விமானமும் வேர்பிடித்தது.

1935-இல் பிரிட்டனில் குயீன் பீ என்ற விமானம் வந்தது. டைகர் மோத் பயிற்சி விமானத்தின் இறக்கைகள், மரத்தாலான உடல், உள்ளே ரேடியோ. விமானி தேவையில்லை. கீழே இருப்பவர் பழைய தொலைபேசியில் எண் சுழற்றுவது போன்ற வட்டைச் சுழற்றுவார். ஓர் எண்ணுக்கு இடப்பக்கம் திரும்பும், இன்னோர் எண்ணுக்கு மேலே ஏறும். எதற்கு இது? விமான எதிர்ப்புப் பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகுவதற்கு. சுமார் 400 விமானங்கள் கட்டினார்கள். ராணித்தேனீ என்ற அந்தப் பெயரிலிருந்துதான், ஆண் தேனீயைக் குறிக்கும் ட்ரோன் என்ற சொல் ஆளில்லா விமானத்துக்கு வந்தது என்பார்கள். இன்றைக்கு நம் மாணவர்கள் வாயில் நாள்தோறும் புரளும் சொல் அது.

அமெரிக்காவில் கதை வேறு திசையில் போனது. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் வால்ட்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள். 1937-இல் எட்டடி இறக்கையுள்ள மாதிரி விமானத்தை ரேடியோவால் பறக்கவிட்டார்கள். கஃப் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படை வேலைக்கு வந்த ரேடியோ, இவர்கள் கையில் பொழுதுபோக்கானது.

தொடக்க காலத்தில் மாதிரி விமானத்துக்குப் பல இடங்களில் ஒரே ஒரு கட்டளைதான் கிடைத்தது. சுக்கானை இடம் வலம் திருப்பலாம், மற்றது காற்றின் கையில். வால்வுகள் போய் டிரான்சிஸ்டர் வந்தது. பிறகு விரல் எவ்வளவு அசைகிறதோ அவ்வளவு அசையும் நுண்மையான கட்டுப்பாடு வந்தது. அதற்கப்புறம்தான் சிக்கலான போர்விமானங்களை அளவு மாறாமல் சிறிதாக்கிப் பறக்கவிடுவது பலருக்கும் எட்டியது.

இதை வெறும் விளையாட்டு என்று ஒதுக்க முடியாது. 1970-களில் விண்வெளி ஓடத்தைப் போயிங் 747-இன் முதுகில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்ற யோசனை வந்தபோது, நாசா பொறியாளர் ஜான் கைக்கர் நாற்பதில் ஒரு பங்கு அளவில் இரண்டையும் கட்டி, ரேடியோவால் பறக்கவிட்டுக் காட்டினார். மனிதர் மாதிரி விமானப் பிரியர். பெரிய பொறியாளர்கள் தயங்கிய கேள்விக்கு அந்தச் சிறிய விமானம் நம்பிக்கையான பதில் சொன்னது.

விமானம் சிறுக்கும், காற்று சிறுக்காது

சரி, ஸ்பிட்ஃபயரை ஐந்தில் ஒரு பங்காகச் சிறிதாக்குவோம். அசலின் இறக்கை நீளம் 11.23 மீட்டர். மாதிரிக்கு 2.25 மீட்டர் வரும். ஓர் ஆளின் உயரத்தைவிட அதிகம்.

இறக்கையின் பரப்பு? இங்கேதான் மாணவர்கள் தடுமாறுவார்கள். நீளம் ஐந்தில் ஒன்று, அகலமும் ஐந்தில் ஒன்று. ஆக, பரப்பு இருபத்தைந்தில் ஒன்று. சுமார் 22.5 சதுர மீட்டர் 0.9 சதுர மீட்டராகிறது. எடை? நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் நூற்று இருபத்தைந்தில் ஒன்று. முதல் ஸ்பிட்ஃபயரின் எடை சுமார் 2,400 கிலோ. அதை 125-ஆல் வகுத்தால் 19 கிலோ. மாதிரி கட்டுகிறவர் பால்சா மரம், மெல்லிய ஒட்டுப்பலகை, கண்ணாடி இழை என்று பார்த்துப் பார்த்துக் கட்டி, அதையும் 10 கிலோவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுவார்.

இப்போது கேள்வி: இவ்வளவு லேசாக இருக்கிறதே, அப்போ பறக்கவிடுவது சுலபம்தானே? பாதிதான் சரி. லேசாக இருப்பதால் மெதுவாகப் பறக்க முடியும். ஆனால் காற்றை நம்மால் ஐந்தில் ஒரு பங்காக்க முடியாதே. அசல் விமானத்துக்குச் சின்னக் குலுக்கலாக இருக்கும் காற்றுவீச்சு, மாதிரிக்குப் புயல். குறுகிய இறக்கை நுனியில் மெதுவாகப் போகும் காற்று, அசலில் ஒட்டிக்கொண்டு ஓடுவதுபோல ஓடாது. சீக்கிரமே பிய்த்துக்கொள்ளும். அப்படிப் பிய்த்துக்கொண்டால் அந்தப் பக்கத்து இறக்கை தூக்குவிசை இழந்து விழும். விமானம் புரளும். விமானிகள் இதை ஸ்டால் என்கிறார்கள்.

மிட்செலுக்கும் இந்தப் பயம் இருந்தது. அதனால் அவர் இறக்கையை லேசாக முறுக்கினார். உடலோடு சேரும் இடத்தில் இறக்கை சற்று மேல்நோக்கியும், நுனியில் சற்றுக் கீழ்நோக்கியும் இருக்கும். வித்தியாசம் இரண்டரைப் பாகைதான். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதன் பயன் பெரியது. ஸ்டால் முதலில் இறக்கையின் அடியில் தொடங்கும். விமானம் அதிர்ந்து விமானியை எச்சரிக்கும். நுனியில் உள்ள கட்டுப்பாடு இன்னும் கொஞ்ச நேரம் கைக்குள் இருக்கும். மாதிரி கட்டுகிறவர் அழகு பார்த்து இறக்கையை நேராகக் கட்டிவிட்டால், முதல் தரையிறக்கத்திலேயே அதன் விலையைத் தருவார்.

அடுத்து எடைச் சமன். அசலில் மெர்லின் எஞ்சின் மட்டும் சுமார் 600 கிலோ, மொத்த எடையில் நாலில் ஒரு பங்கு. அது மூக்கில் உட்கார்ந்து விமானத்தைச் சமன்செய்கிறது. மாதிரியில் போடும் சின்ன எஞ்சினோ மின்மோட்டாரோ அந்த விகிதத்தில் கனப்பதில்லை. அதனால் மூக்கில் ஈயம் வைத்துக் கட்ட வேண்டிவரும். ஒவ்வொரு கிராமாகக் குறைத்தவர் கடைசியில் தானே ஈயத்தை ஏற்றுவார். மனசு வலிக்கும். ஆனால் மூக்கு கனத்த விமானம் சரியாகப் பறக்காமல் போகலாம், வால் கனத்த விமானம் ஒரே ஒரு தடவைதான் பறக்கும் என்பது இந்தப் பொழுதுபோக்கில் எல்லாருக்கும் தெரிந்த பாடம்.

மாதிரியின் முதல் பறப்பு

அனுபவமுள்ளவர் அந்த நாளில் வேலையைத் தரையில்தான் தொடங்குவார். எடைச் சமனை மறுபடி பார்ப்பார். ரேடியோவின் சக்தியைக் குறைத்து வைத்துக்கொண்டு, தூரமாக நடந்துபோய்க் கட்டளைகள் எட்டுகின்றனவா என்று சோதிப்பார். ஒவ்வோர் இணைப்பையும் விரலால் அசைத்துப் பார்ப்பார். பிறகு கட்டுப்பாடுகள் சரியான பக்கம் அசைகின்றனவா என்று பார்ப்பார். வலப்பக்கம் சாய் என்றால் வலது இறக்கையின் பின்விளிம்பு மேலே எழ வேண்டும்.

இது அற்பமாகத் தெரியலாம். 1947 ஆகஸ்ட் 23-ஆம் தேதி இங்கிலாந்தின் உட்ஃபர்டில் அவ்ரோ டியூடர் என்ற பெரிய விமானம் சோதனைக்கு எழும்பியது. பராமரிப்பின்போது சாய்வுக் கட்டுப்பாட்டுக் கம்பிகளை இடம் வலம் மாற்றிப் பொருத்தியிருந்தார்கள். எழும்பிய உடனே விழுந்தது. சோதனை விமானியும், உள்ளே இருந்த ராய் சாட்விக்கும் உயிரிழந்தார்கள். சாட்விக் யார் தெரியுமா? புகழ்பெற்ற லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் வடிவமைப்பாளர். தன் துறையில் எல்லாம் தெரிந்தவர். அவர் உயிரைக் கொண்டுபோனது, ஒரு நிமிடத்தில் பார்த்திருக்கக்கூடிய ஒன்று.

தரைச் சோதனை முடிந்தால், சக்கரங்கள். மாதிரியிலும் மடங்கும் சக்கரங்கள் இருக்கும். ஆனால் முதல் பறப்பில் பலர் அவற்றை மடக்குவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு கவலை போதும். 1936-இல் சம்மர்ஸ் செய்ததும் இதேதான், நினைவிருக்கிறதா?

எழும்பும்போது விசையைத் திடீரென்று கூட்டக் கூடாது. ஸ்பிட்ஃபயரின் சக்கரக்கால்கள் ஒன்றுக்கொன்று நெருக்கம். பின்னால் சின்ன வால்சக்கரம். மெர்லின் எஞ்சினுள்ள ஸ்பிட்ஃபயர் விசை கூட்டினால் இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். வலது சுக்கானால் பிடித்துக்கொள்ள வேண்டும். மாதிரியும் அப்படியே. மெதுவாக விசையைக் கூட்டி, வால் தானாக எழும்பும்வரை பொறுத்து, நிதானமாக மேலே விடுவார்.

நல்ல உயரம் வந்ததும், கையை எடுத்தால் நேராகப் போகிறதா என்று பார்த்துச் சின்னச் சின்னத் திருத்தம். அப்புறம்தான் முக்கியமான சோதனை. அவ்வளவு உயரத்திலேயே விசையைக் குறைத்து, மூக்கைத் தூக்கி, வேண்டுமென்றே ஸ்டாலை வரவழைத்துப் பார்ப்பார். எந்தப் பக்கம் விழுகிறது? எந்த வேகத்தில் விழுகிறது? எவ்வளவு உயரம் இழந்து மீள்கிறது? கீழே வந்து இறங்கும்போது அந்த வேகத்துக்கு மேலேயே இருக்க வேண்டும் என்று மனத்தில் குறித்துக்கொள்வார். தரைக்குப் பக்கத்தில் தெரிந்துகொண்டால் பயன் இல்லை.

ஐந்து நிமிடம், ஆறு நிமிடம். இறக்கிவிடுவார். நண்பர்கள் கைதட்டுவார்கள், இன்னொரு தடவை என்பார்கள். அவர் முதலில் செய்வது பென்சில் எடுத்துக் குறிப்பெழுதுவது. எதையும் உடனே மாற்ற மாட்டார், அடுத்தவரையும் தொடவிட மாட்டார். ஒன்றை மாற்ற வேண்டுமானால் ஒன்றை மட்டும். பிறகு மறுபடியும் பறப்பு.

சம்மர்ஸ் சொன்னதன் பொருள் இப்போது இன்னும் தெளிவாகத் தெரியுது இல்லையா?

நம் வானத்தில் அந்த விமானம்

இதெல்லாம் எங்கேயோ இங்கிலாந்தில் நடந்ததுதானே என்று மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. பதிலை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1940-இல் ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுன் என்று விலை சொல்லி, பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட நாடுகளிலெல்லாம் நிதி திரட்டினார்கள். மலாயாவிலிருந்தும் போர்நிதி போனது. ஆனால் 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் குண்டு வீசியபோது, இங்கே தடுத்து நிற்க ஸ்பிட்ஃபயர் ஒன்றுகூட இல்லை. வேகம் குறைந்த பஃபலோ விமானங்கள்தான் இருந்தன. பிறகு ஹரிக்கேன்கள் கொஞ்சம் வந்தன, காலம் கடந்துவிட்டது. ஜப்பான்காரன் காலம் என்று நம் தாத்தா பாட்டிகள் சொன்ன கதைகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

ஸ்பிட்ஃபயர்கள் இங்கே வந்தது போர் முடிந்த பிறகு. 1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கு எதிராக அவை குண்டு வீசின. ரப்பர் தோட்டங்களிலும் புதுக்கிராமங்களிலும் வாழ்ந்த நம்மவர்களின் தலைக்கு மேலேதான் அவை பறந்தன.

1954 ஏப்ரல் 1-ஆம் தேதி, பிரிட்டிஷ் விமானப்படையின் ஸ்பிட்ஃபயர் ஒன்று கடைசியாகப் போர்ப்பணிக்குப் பறந்தது. எங்கிருந்து தெரியுமா? சிங்கப்பூரின் சிலேத்தாரிலிருந்து. 81-ஆம் படைப்பிரிவின் பிஎஸ்888 என்ற விமானம், ஜொகூர் காட்டை மேலிருந்து படம்பிடித்துவிட்டுத் திரும்பியது. கடைசி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அதன் மூக்கில் எழுதியிருந்தார்கள். ஈஸ்ட்லியில் தொடங்கிய கதை நம் ஊரில் முடிந்தது. பதினெட்டு ஆண்டுகள், 20,000-க்கும் மேற்பட்ட விமானங்கள்.

அந்தக் கடைசி விமானத்தில் துப்பாக்கி இல்லை, கேமரா மட்டுமே. எஞ்சினும் மெர்லின் இல்லை, அதைவிடப் பெரிய கிரிஃபன். அது எதிர்த் திசையில் சுழலும். ஆகவே எழும்பும்போது விமானம் வலப்பக்கம் திரும்பப் பார்க்கும். மெர்லினில் பழகிய விமானியின் கால், பழக்கத்தில் வலது சுக்கானை மிதித்தால் ஆபத்து. சிலேத்தார் விமானத்தை மாதிரியாகக் கட்ட விரும்புகிறவர் இதை அறிந்திருக்க வேண்டும். மோட்டார் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பார்த்துத்தான் அவர் கால் வைக்க வேண்டும், இல்லை, விரல் வைக்க வேண்டும். ஒரே பெயர், ஒரே உருவம், ஆனால் சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்ப முடியாது.

வகுப்பறைக்கு எடுத்துச் செல்ல

போர்விமானத்தை வகுப்பில் பேசலாமா என்று சிலர் தயங்குவீர்கள். தயக்கம் நியாயமானது. அது கொல்வதற்காகச் செய்யப்பட்ட கருவி. அதை அழகுப் பொருளாக மட்டும் காட்டினால் பாதி வரலாறுதான் சொன்னவர்களாவோம். பினாங்கையும் ஜொகூர் காட்டையும் சேர்த்துச் சொன்னால், விமானம் வரைகிற மாணவர் தன் படத்துக்குக் கீழே நிற்கும் மனிதர்களையும் பார்ப்பார்.

கருத்துணர்தலுக்கோ கலந்துரையாடலுக்கோ இந்தக் கேள்விகளைப் பயன்படுத்திக்கொள்ளலாம்:

1. "எதையும் தொடாதீர்கள்" என்ற ஒரே கூற்றுக்கு இரண்டு பொருள் எப்படி வந்தது? சொன்னவர், சொன்ன இடம், சொன்ன நேரம் ஆகியவற்றை வைத்து விளக்குக.
2. எட்வர்ட்ஸ் ஜோன்ஸ் தன் மறதியை மறைத்திருந்தால் என்ன நடந்திருக்கலாம்?
3. விமானத்தின் நீளத்தைப் பத்தில் ஒன்றாக்கினால், இறக்கைப் பரப்பும் எடையும் எத்தனையில் ஒன்றாகும்? கணக்கிட்டுக் காட்டுக.
4. குடும்பத்தில் மூத்தவர் ஒருவரிடம் ஜப்பானியர் காலம் அல்லது அவசரகாலம் பற்றிக் கேட்டு, அவர் சொன்னபடியே பத்து வரி எழுதுக.

தாள்விமானம் மடித்தும் இதைச் செய்யலாம். ஒரே விமானம், ஐந்து பறப்பு, ஒவ்வொன்றுக்கும் குறிப்பு. மூக்கில் ஒரு காகிதப்பிடிப்பி வைத்து இன்னும் ஐந்து. இரண்டையும் ஒப்பிட்டு எழுதச் சொல்லுங்க. நடுவில் யாராவது இறக்கையை மடிக்கப் போவார்கள். அப்போ என்ன சொல்ல வேண்டும் என்று மட் சம்மர்ஸ் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதன் சரியான பொருளையும் சேர்த்துச் சொல்லிவிடுங்க.

மிட்செல் ஒரு தடவை தோற்றார். அவருடைய விமானம் திருத்தங்களால் வளர்ந்தது. முதல் வரைவிலேயே குறையில்லாமல் எழுத வேண்டும் என்று பயந்து வெறுந்தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவருக்கு, கச்சிதமாகப் பிறந்த விமானத்தின் பொய்க்கதையைவிடப் பருப்பு ஒட்டிப் பறந்த விமானத்தின் உண்மைக்கதை அதிகம் உதவும்.